மலையில் தினமும் ஓட்டப் பழைய ஏ.டபிள்யூ.டி. செடான்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழி

குன்னூரில் வீடு, ஊட்டியில் வேலை. அல்லது கோத்தகிரியில் வீடு, குன்னூரில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். தினமும் போய்வர ஒரு கார் வேண்டும். ஜீப் மாதிரி உயரமான வண்டி பிடிக்காது. ஆனால் மழை நாளில் எஸ்டேட் ரோட்டு ஏற்றத்தில் முன்சக்கரம் சுழன்றுகொண்டு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கவும் கூடாது. இப்படி யோசிப்பவர்கள் தேடிப் போவது நான்கு சக்கரமும் இழுக்கும் (ஏ.டபிள்யூ.டி.) பழைய செடானைத்தான். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பத்து வருடம் தாண்டிய இந்த வண்டிகள் ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கே கைக்கு வருவதுண்டு. இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். உள்ளே இருக்கும் பாகங்களின் விலை அப்படியேதான் இருக்கிறது. அதனால் பணம் கொடுக்கும் முன்பே வண்டி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு ஏதாவது சத்தம் வந்தாலும் இதே வரிசையில் தேடலாம்.

அந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் டயர், அடுத்து ஆயில், அடுத்து பேட்டரியும் சென்சாரும், கடைசியில்தான் கிரவுன் (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரம்), கிளட்ச், கியர்பாக்ஸ். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் "ஏ.டபிள்யூ.டி. போச்சு" என்று சொல்லப்படும் புகாரில் பாதி டயரிலேயே முடிந்துவிடும். வரிசையை மாற்றி, எடுத்த எடுப்பில் கிரவுனைக் கழற்றுகிற பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள்.

முதலில், அது உண்மையிலேயே ஏ.டபிள்யூ.டி.தானா?

இந்தியாவில் விற்ற ஆடி ஏ4-ல் ஏராளமானவை முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. 2.0 டீசலில் பெரும்பாலும் அப்படித்தான். 3.0 டீசலில் குவாட்ரோ, அதாவது ஆடியின் நான்கு சக்கர இழுவை. வோல்வோ எஸ்60-ல் டி3, டி4 முன்சக்கர வண்டிகள், டி5 ஏ.டபிள்யூ.டி. ஸ்கோடா சூப்பர்பில் 1.8 பெட்ரோலும் 2.0 டீசலும் முன்சக்கரம், 3.6 வி6 பெட்ரோல்தான் 4x4. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி விலை பேசக் கூடாது, அந்த எழுத்து கடையிலும் கிடைக்கும். குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். நடுவில் நீளமாகப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடி, பின்னால் ஒரு டிஃபரன்ஷியல் உருண்டையும் அதிலிருந்து இரு பக்கமும் ஆக்சிலும் இருந்தால்தான் அது நான்கு சக்கர வண்டி.

இதில் இரண்டு வகை உண்டு. ஆடி ஏ4, ஏ6-ல் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். நடுவில் ஒரு இயந்திர டிஃபரன்ஷியல் எப்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும். சூப்பர்பிலும் எஸ்60-லும் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கும். சாதாரணமாக முன்சக்கரம் இழுக்கும். தேவைப்படும்போது பின் டிஃபரன்ஷியலை ஒட்டியிருக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் பிடித்துப் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்தால் கீழே உள்ளவற்றில் பாதியைத் தள்ளிவிடலாம்.

அறிகுறி: ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது வண்டி திக்குகிறது, குதிக்கிறது

காய்ந்த தார் ரோட்டில், ஆள் இல்லாத இடத்தில், ஃபுல் கட் அடித்து நடை வேகத்தில் வட்டம் போடுங்கள். வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். வண்டி எண்ணெய் போலச் சுழல வேண்டும். யாரோ ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்து விடுவது மாதிரித் திக்கித் திக்கிப் போனால், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஏதோ இறுகிக்கிடக்கிறது.

உடனே டயருக்குப் போங்கள். நான்கும் ஒரே சைஸா, ஒரே கம்பெனியா, ஒரே பேட்டர்னா? நான்கிலும் பட்டன் (டயர் மேல்பரப்பில் ரோட்டைப் பிடிக்கும் மேடு) ஒரே அளவு இருக்கிறதா? மலையில் முன் டயர் சீக்கிரம் தேயும், தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். முன்சக்கர வண்டிக்கு அது சரி. இந்த வண்டிக்கு அது மெல்லக் கொல்லும் விஷம்.

கணக்கைப் பாருங்கள். 225/50 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2,060 மில்லிமீட்டர். பின் டயரைவிட முன் டயரில் பட்டன் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் விட்டம் 6 மில்லிமீட்டர் குறையும், சுற்றளவு 19 மில்லிமீட்டர் குறையும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறக்குறைய 485 சுற்று சுற்றும். அப்படியென்றால் நேர் ரோட்டில் போகும்போதே, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் வித்தியாசத்தை நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ விழுங்க வேண்டியிருக்கிறது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் தினமும் போய்வந்தால் அந்தப் பாகம் சூடாகாமல் என்ன செய்யும்?

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பட்டன் ஆழம் அளக்கும் சின்ன கேஜ் டயர் கடையில் கிடைக்கும். புது டயரில் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர், சட்டப்படி 1.6-க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்குக்கும் நடுவே வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் வயதாகிக் கல்லாகிப்போன டயர் ஈர ரோட்டில் பிடிக்காது.

டயர் நான்கும் ஒத்துப்போய், காற்றும் சரியாக இருந்து, அப்போதும் திக்கினால் அடுத்த சந்தேகம் ஆயில். ஹால்டெக்ஸ் வண்டியில் பழைய ஆயிலால் கிளட்ச் தகடு விட்டுவிட்டுப் பிடிக்கும். ஆயில் மாற்றிச் சில நாள் ஓட்டினால் பல வண்டி சரியாகிவிடும். விற்பவர் முன்கூட்டி மாற்றித்தர ஒத்துக்கொண்டால் மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி வட்டம் போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், கிளட்ச்சே போய்விட்டது என்று வைத்து விலை பேசுங்கள். ஆடியில் நடு டிஃபரன்ஷியல் இறுகியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அறிகுறி: ஏற்றத்தில் முன்சக்கரம் மட்டும் சுழல்கிறது, பின்சக்கரம் தள்ளவில்லை

இது பெரும்பாலும் ஹால்டெக்ஸ் வண்டியின் நோய். வாங்க வருபவர்கள் கண்டுபிடிக்காமல் போவதும் இதைத்தான், ஏனென்றால் தார் ரோட்டில் ஓட்டினால் எந்த வித்தியாசமும் தெரியாது. பல வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்குகூட எரியாது. அதனால் தெரிகிற மாதிரி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். லேசான ஏற்றம், முன் இரண்டு சக்கரமும் ஈரப் புல்லிலோ சரளைக்கல்லிலோ, பின் இரண்டும் கெட்டித் தரையில். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். முன்சக்கரம் ஒரு கணம் நழுவியதும் பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்து வண்டி ஏறிவிட வேண்டும். முன்சக்கரம் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தால் பின்பக்கம் செத்துக்கிடக்கிறது.

காரணத்தை இப்படித் தேடுங்கள். முதலில் ஃபியூஸ். திக்கல் சத்தத்தை மறைப்பதற்காக ஹால்டெக்ஸ் ஃபியூஸையோ கனெக்டரையோ பிடுங்கிவிட்டு விற்பவர்கள் உண்டு. அடுத்தது பம்ப். இந்தக் கிளட்ச்சுக்கு ஆயில் அழுத்தம் கொடுப்பது ஒரு சின்ன மின்சாரப் பம்ப். வண்டியின் கணினியைப் படிக்கும், அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனரைப் போட்டு பம்பைத் தனியாக ஓடவிட்டால், பின் இருக்கைக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும்.

நான்காம் தலைமுறை ஹால்டெக்ஸில் ஆயிலோடு ஃபில்டரும் மாற்றலாம், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் தனி ஃபில்டர் கிடையாது. பம்ப் வாயில் ஒரு சின்ன வலை மட்டும் இருக்கிறது. கிளட்ச் தகடு தேய்ந்து வரும் தூள் ஆயிலில் கலந்து சாம்பல் நிறக் களிம்பாக அந்த வலையில் அப்பிக்கொள்ளும். வலை அடைத்தால் பம்ப் வெறுமனே உழைத்துச் சூடாகிச் சாகும். "ஹால்டெக்ஸ் ஆயில் மாற்றியாச்சு சார்" என்று பில்லைக் காட்டினால், பம்பைக் கழற்றி வலையைக் கழுவினார்களா என்று கேளுங்கள். ஆயிலை மட்டும் வடித்து ஊற்றினால் அந்தக் களிம்பு அங்கேயே இருக்கும்.

பம்ப் நன்றாக ஓடியும் தள்ளவில்லையென்றால், முன்பக்க கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும் ஆங்கிள் கியரைப் பாருங்கள். அங்கிருந்துதான் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு விசை திரும்புகிறது. வோல்வோவில் அங்கே இருக்கும் பல் வைத்த இணைப்பு வளையம் மழுங்கிப்போவது தெரிந்த விஷயம். முன்சக்கரம் சுழலும்போது ஷாஃப்ட் சுழலவே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். வளையம் மட்டும் போயிருந்தால் செலவு தாங்கும். கியரும் சேர்ந்து போயிருந்தால் தாங்காது.

அறிகுறி: ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி., ஏ.டபிள்யூ.டி. விளக்கு மூன்றும் சேர்ந்து எரிகிறது

ஏ.பி.எஸ். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது, ஈ.எஸ்.பி. வண்டி சறுக்காமல் தடுப்பது. மூன்றும் சேர்ந்து எரிந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் செலவு குறைந்த கோளாறு இதுதான். ஒரு சக்கரத்தின் வேகம் அளக்கும் சென்சார் செத்தால் இந்த மூன்றும் ஒன்றாக விடுப்பு எடுத்துவிடும், ஏனென்றால் மூன்றுமே அந்த ஒரு கணக்கை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஸ்கேனர் போட்டால் எந்தச் சக்கரம் என்று சொல்லும். செம்மண் அப்பியிருந்தால் துடைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலையில் மட்டும் விளக்கு எரிந்து, பிறகு அணைந்தால் பேட்டரி பலவீனம். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுவதில் எல்லா கன்ட்ரோல் யூனிட்டும் பொய்ப்புகார் சொல்லும். பேட்டரியைச் சோதிக்காமல் வேறு எதையும் மாற்றக் கூடாது.

வாங்கப் போகும்போது ஒரு விளக்கும் எரியவில்லை என்று மகிழ வேண்டாம். ஸ்கேனரில் "ரெடினஸ்" என்ற பக்கத்தைப் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், யாரோ சமீபத்தில் பழைய புகார்களை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

அறிகுறி: வேகம் ஏற ஏற ஊளையிடும் சத்தம்

இதைக் கண்டுபிடிக்கக் கொண்டை ஊசி ரோடு உதவாது. கீழே இறங்கி மேட்டுப்பாளையம், காரமடை பக்கம் நேர் ரோட்டில் 60 முதல் 80 வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை லேசாக இடம், வலம் அசைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் பாரம் விழும் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். அசைவுக்கு மாறாமல், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு சுருதியும் விட்டால் வேறு சுருதியும் வந்தால் அது கிரவுன். இரண்டுக்கும் மாறாமல் ரோட்டின் பரப்புக்கு மட்டும் மாறினால் டயர். உள்ளங்கையை டயர்மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மெண்ட் கெட்டு ஓடிய வண்டி.

அறிகுறி: திருப்பத்தில் டக்டக், ஆக்சிலரேட்டர் விட்டு அழுத்தும்போது டொம்

திருப்பத்தில் மட்டும் டக்டக்கென்றால் வெளி ஆக்சில் ஜாயின்ட். ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள், பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்தால் அப்படித் தெறிக்கும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் சேர்த்து எட்டு பூட் உண்டு. எட்டையும் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள். டொம்மென்று ஒரு அடி விழுந்தால் பின் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்ஷோ, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கோ. தரையிலிருந்து நடுங்குவது போல அதிர்வு வந்தால் ஷாஃப்டின் நடு பேரிங்.

அறிகுறி: இறக்கத்தில் பெடல் மெத்தென்று போகிறது, தீய்ந்த வாசனை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான்கு சக்கரம் இழுப்பதால் வண்டி சீக்கிரம் நிற்காது. ஏறுவதற்கும் கிளம்புவதற்கும்தான் அது உதவும். நிறுத்துவது எந்தக் காரிலும் டயரும் பிரேக்கும்தான். மாறாக, இந்த வண்டிகள் சாதாரணக் காரைவிட எடை கூடியவை. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம். அந்த எடையை அவ்வளவு உயரமும் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் எந்தப் பிரேக்கும் தாங்காது. ஆட்டோமேட்டிக் என்றால் கியரை மேனுவலில் போட்டு இரண்டு, மூன்றிலேயே இறக்குங்கள்.

அப்படி இறக்கியும் பெடல் மெத்தென்றால் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் சொல்லவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழ் விடும், பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பெடல் துடித்தால் டிஸ்க். டிஸ்க் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டினால் அது தேய்ந்திருக்கிறது, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியைக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசியில் டெஸ்ட் டிரைவ் என்று இறக்கவே கூடாது.

அறிகுறி: கீழே நன்றாக ஓடுகிறது, மேலே வந்தால் பிக்கப் இல்லை

ஊட்டி 2,240 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 3.6 வி6 கொஞ்சம் சோர்ந்தால் அது கோளாறல்ல. டர்போ டீசல் அப்படிச் சோரக் கூடாது. சோர்ந்து, கறுப்புப் புகையும் விட்டு, ஊதல் சத்தமும் கேட்டால் டர்போவின் காற்றுக் குழாயில் விரிசல் தேடுங்கள்.

சூடு முள் ஏறினால் ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் கோயம்புத்தூரில் தெரியாத கொதிப்பு லவ்டேல் ஏற்றத்தில் தெரியும்.

அறிகுறி: கால்வைக்கும் இடத்தில் ஈரம், சம்பந்தமில்லாத மின் கோளாறுகள்

மலையில் நின்ற ஆடியில் இதை முதலில் பாருங்கள் என்றே சொல்வேன். பானட்டைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே ஒரு தொட்டி மாதிரி பள்ளம் இருக்கும். மழைத் தண்ணீர் அங்கே விழுந்து அடியில் உள்ள துளை வழியாக வெளியேற வேண்டும். தைலமர இலையும் சைப்ரஸ் ஊசியும் விழும் இடத்தில் நிறுத்தும் வண்டியில் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிறைந்து உள்ளே இறங்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் கன்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கின்றன. பூட்டு தானாகத் திறப்பது, வைப்பர் நிற்காமல் ஓடுவது, பேட்டரி ஒரே இரவில் இறங்குவது எல்லாம் அங்கிருந்து வரும். மேலே கார்ப்பெட் காய்ந்திருக்கலாம். விளிம்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வயரில் பச்சை பூத்த வண்டியைச் சரிசெய்து முடிப்பது என்று ஒன்று இல்லை.

அறிகுறி: டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது கியர் திணறல்

சீசன் நேரத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் வரிசையில் இது நன்றாகத் தெரியும். சூப்பர்ப் 4x4-ல் இருப்பது ஆயிலில் ஊறும் ஆறு கியர் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் மாற்றிய பில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் திணறலும் இருந்தால் வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால்

இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டி இழுக்கும் வண்டியில் இதைக் கட்டவே கூடாது. நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ அந்த ஒரு பயணத்திலேயே எரிந்துபோகும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் வேண்டும். போனில் கூப்பிடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வந்த பிறகு மலைப்பாதையில் நின்று வாக்குவாதம் செய்ய முடியாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

கர்நாடக எண் வண்டியென்றால் அங்கிருந்து 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். இந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் "பெங்களூரில் மலிவு" என்று முடிவெடுக்க வேண்டாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரியில் பதிந்த டி.என். 43 எண்ணுக்கு வேண்டாம். தினமும் ஓட்டுகிறவர் இங்கேயே பதிந்துவிடுவது நல்லது.

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில், ஹால்டெக்ஸ் இருந்தால் அதன் ஆயிலும் பம்ப் வலையும், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பழைய பில் இருந்தாலும் சரி. வடித்த ஆயிலைப் பட்டறைக்காரர் கொட்டுமுன் ஒரு தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பின் டிஃபரன்ஷியலின் காந்த போல்ட்டில் மாவு போல மென்மையான தூள் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் கிரவுனைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிறகு 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை முன்பின் மாற்றி, ஒவ்வொரு முறையும் பட்டன் ஆழத்தை அதே நோட்டில் எழுதி வாருங்கள்.